புது கூடைப்பந்து அணியில் சேர்கிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, பள்ளி அணியை விட்டுக் கல்லூரிக்கோ ஊர் கிளப்புக்கோ மாவட்ட அணிக்கோ போகும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். திறமை இருந்தும் முதல் மூன்று மாதத்திலேயே மனசு விட்டுப்போய் ஆட்டத்தை நிறுத்தியவர்கள் இந்தக் கரையில் நிறையப் பேர். என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் அவர்களில் பாதிப் பேராவது இன்றைக்கும் ஆடிக்கொண்டிருப்பார்கள். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறோம்.

புது டீம்ல சேர்ந்தா எத்தனை நாள்ல மெயின் ஃபைவ்ல வருவேன்?

பழக்கமான கணக்கு இதுதான். ஒரு மாதம், சக ஆட்டக்காரர்களின் பழக்கமும் அணியின் மூவ்களும் (முன்பே வகுத்து வைத்த ஆட்ட முறைகள்) பிடிபட. மூன்று மாதம், முதல் மூன்று மாற்று ஆட்டக்காரர்களில் ஒருவராக வர. தொடக்க ஐவரில் இடம் பிடிக்க ஒரு முழு சீசன். இதைவிடச் சீக்கிரம் வந்தால் நல்லது, ஆனால் அதை நம்பி உள்ளே போகாதீர்கள்.

உங்கள் இடத்தில் ஏற்கெனவே யார் ஆடுகிறார் என்பதைச் சேர்வதற்கு முன்பே பாருங்கள். நீங்கள் கார்டு (பந்தைக் கொண்டுபோய் வெளிவட்டத்தில் ஆடுபவர்), அந்த அணியின் கார்டு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார் என்றால் இன்னும் ஒரு வருடம் அவர் இருப்பார். மூன்றாம் ஆண்டு என்றால் அடுத்த ஜூனில் அந்த இடம் காலி. திறமை ஒன்றாகவே இருந்தாலும் காத்திருக்கும் காலம் இதனால் மாறும்.

டீம்ல பன்னெண்டு பேரு. எல்லாருக்கும் சமமா டைம் கொடுக்க மாட்டாங்களா?

ஓர் ஆட்டம் 10 நிமிடம் வீதம் நான்கு கால் பகுதி, மொத்தம் 40 நிமிடம். கோர்ட்டில் ஐந்து பேர். ஆக, ஒரு கோச் கையில் இருப்பது 200 நிமிடம். பன்னிரண்டு பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 16 நிமிடம் 40 நொடி வரும். அப்படி யாரும் பிரிப்பதில்லை.

ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் தொடக்க ஐவர் ஆளுக்குச் சுமார் 28 நிமிடம் ஆடுவார்கள், அதிலேயே 140 போய்விடும். அடுத்த மூவர் ஆளுக்கு 15 என்றால் 45. மிச்சம் இருக்கும் 15 நிமிடத்தைக் கடைசி நால்வர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், ஆளுக்கு நான்கு நிமிடம்கூடத் தேறாது. புதிதாகச் சேர்ந்தவர் முதலில் இந்தக் கடைசி நால்வரில்தான் இருப்பார். கோச்சுக்கு உங்கள் மேல் கோபம் எதுவும் இல்லை. அந்த 200 நிமிடம் அவ்வளவுதான் வரும்.

ஆறு நிமிஷம் ஆடுனேன், ரெண்டே பாயிண்ட்தான். ஸ்கூல்ல மேட்சுக்கு இருபது அடிச்சவன் நான். எனக்கு ஃபார்ம் போயிடுச்சா?

போகவில்லை. இரண்டு அணிகளும் சராசரியாக 15 நொடிக்கு ஒருமுறை பந்தை மாற்றிக்கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு நிமிடத்தில் 24 முறை கைமாறும், உங்கள் அணிக்கு 12 வாய்ப்பு. ஐந்து பேருக்குப் பிரித்தால் உங்களுக்கு இரண்டு ஷாட், மிஞ்சிப்போனால் மூன்று. அதில் ஒன்று விழுந்தால் இரண்டு பாயிண்ட். அது சரியான ஆட்டம்தான்.

பள்ளியில் 35 நிமிடம் ஆடினீர்கள், பந்து பாதி நேரம் உங்கள் கையில்தான் இருந்தது. அந்த இருபதை இங்கே ஆறு நிமிடத்துக்குள் அடித்துக் காட்ட நினைப்பவர்தான் கை போன போக்கில் ஷாட் போடுவார். மூன்றாவது தப்பு ஷாட்டில் கோச் எழுந்து நிற்பார்.

சரி, பாயிண்டைப் பார்க்க வேண்டாம்னா நான் நல்லா ஆடுறேனான்னு எதை வச்சுத் தெரிஞ்சுக்கிறது?

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஐந்தே விஷயம் எழுதுங்கள்: பந்தை எத்தனை முறை தொலைத்தேன், நான் காத்த ஆள் எத்தனை பாயிண்ட் அடித்தான், ஷாட் போனதும் எத்தனை முறை என் ஆளை முதுகால் அடைத்து ரீபவுண்டுக்கு (விழாமல் தெறிக்கும் பந்தை எடுப்பதற்கு) வழிவிடாமல் நிறுத்தினேன், எத்தனை ஸ்கிரீன் வைத்தேன் (சக ஆட்டக்காரருக்கு வழி கிடைக்க எதிராளியின் பாதையில் அசையாமல் நிற்பது), எத்தனை முறை டிஃபன்ஸில் வாய்விட்டுப் பேசினேன். ஆறு நிமிடத்தில் பந்தை ஒருமுறைகூடத் தொலைக்காதவரைக் கோச் அடுத்த ஆட்டத்தில் எட்டு நிமிடம் ஆடவிடத் தயங்க மாட்டார்.

புது ஆட்டக்காரரைப் பற்றிக் கோச் முதலில் கவனிப்பது, பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது அவர் எங்கே நிற்கிறார் என்பதை. பள்ளியில் பெரும்பாலோர் தன் ஆளை ஒட்டியே நிற்பார்கள், அல்லது பந்தையே பார்த்துக்கொண்டு ஆளைத் தொலைப்பார்கள். சரியான நிலை இது: உங்கள் ஆள் வலது ஓரத்தில், பந்து இடது ஓரத்தில் என்றால் நீங்கள் இரண்டுக்கும் நடுவே, கிட்டத்தட்ட ரிங்குக்கு நேராக, ஒரு கால் ரிங்குக்குக் கீழே கோடு போட்ட பெயின்ட் பகுதிக்குள் இருக்கும்படி நில்லுங்கள். முழங்கால் மடங்கி, ஒரு கை பந்தை நோக்கி, மறு கை உங்கள் ஆளை நோக்கி நீண்டிருக்கட்டும். தலையைத் திருப்பாமலே இரண்டும் கடைக்கண்ணில் தெரிய வேண்டும். பந்துக்காரர் உள்ளே வெட்டினால் இரண்டே எட்டில் வழியை மறிக்கலாம். இதை மட்டும் இரண்டு வாரத்தில் பழகிவிட்டால், அணியில் பலரைவிட நீங்கள் ஒரு படி முன்னே.

பெஞ்சுல உட்கார்ந்தே உடம்பு ஆறிப்போகுது. திடீர்னு கூப்பிட்டா ஒண்ணும் ஓடமாட்டேங்குது. என்ன செய்ய?

பெஞ்சில் இருக்கும்போது உங்கள் இடத்தில் ஆடுபவரை மட்டும் பாருங்கள். அவர் யாரைக் காக்கிறார், அந்த எதிராளி எந்தக் கையில் பந்தைத் தட்டி டிரிபிள் செய்கிறான், எங்கிருந்து அடிக்கிறான் என்று பார்த்து வையுங்கள். கால் பகுதி இடைவேளையில் அணி கூடும்போது நின்றபடியே கணுக்காலைச் சுழற்றுங்கள், இரண்டு முறை குதியுங்கள். பாதி நேரத்தில் 15 நிமிடம் கிடைக்கும். உட்காராமல் பத்து லே-அப் (ஓடிப்போய் ரிங்குக்குப் பக்கத்தில் போடுவது), பத்து ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறிவது) போடுங்கள்.

மாற்றாகப் போகும் முறை பலருக்குச் சரியாகத் தெரிவதில்லை. ஸ்கோரர் மேசைக்குப் போய் மாற்றம் கேட்க வேண்டியது உள்ளே போகும் ஆட்டக்காரர்தான். கோச் அங்கிருந்து கத்தினால் செல்லாது. டி-ஷர்ட்டை முன்பே கழற்றி, ஜெர்சியை உள்ளே சொருகித் தயாராக இருங்கள். மேசையில் சொல்லிவிட்டு, கடிகாரம் நிற்கும்வரை காத்திருந்து, நடுவர் கையசைத்ததும் உள்ளே போங்கள். காத்திருக்கும் அந்தச் சில நொடியில் மூன்றைப் பாருங்கள்: ஸ்கோர், மீதி நேரம், அணி ஃபவுல் எண்ணிக்கை. அந்தக் கால் பகுதியில் நம் அணி நான்கு ஃபவுல் செய்திருந்தால், ஷாட் போடாத ஆளை நீங்கள் தட்டினாலும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. உள்ளே போனதும் வெளியே வருபவரிடம் "யாரு உங்க ஆளு?" என்று கேளுங்கள்.

முதல் நாள் பிராக்டிஸ்லயே மூச்சு வாங்கி உட்கார்ந்துட்டேன். இது ஆகிற காரியமா?

ஆகும். சேரும் முன் மூன்று வாரம் கிடைத்தால் இந்த ஓட்டத்தைப் பழகுங்கள்: அடிக்கோட்டிலிருந்து அருகிலுள்ள ஃப்ரீ த்ரோ கோடு வரை போய்த் திரும்பி, பிறகு நடுக்கோடு, அப்புறம் எதிர் ஃப்ரீ த்ரோ கோடு, கடைசியில் எதிர் அடிக்கோடு. 28 மீட்டர் கோர்ட்டில் இது ஒரு சுற்றுக்கு 140 மீட்டர். 35 நொடிக்குள் ஒரு சுற்று, ஒரு நிமிட ஓய்வு, இப்படி ஆறு சுற்று முடிந்தால் பெரும்பாலான அணிகளின் பயிற்சியைத் தாக்குப்பிடிக்கலாம். முதல் வாரம் மூன்று சுற்றோடு நிறுத்துங்கள், இல்லையென்றால் முழங்காலுக்குக் கீழே வலி பிடிக்கும்.

நம் கரையில் புழுக்கத்தால் வியர்வை காயாது, உடம்பு சீக்கிரம் சூடாகும். கால் மணிக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ சேருங்கள்.

புதுசா வந்தவன்னு என்னையே கோர்ட்டைக் கூட்டச் சொல்றாங்க. அவமானமா இருக்கு.

கடற்கரை ஊர்களில் சிமெண்ட் கோர்ட்டில் ஒரு ராத்திரியிலேயே மணல் படிந்துவிடும். நிற்க நினைக்கும் இடத்தில் ஷூ வழுக்கி முழங்கால் திருகும். அதனால் யாராவது கூட்டித்தான் ஆக வேண்டும், பல அணிகளில் ஜூனியருக்கு அந்த முறை முதலில் வரும். மாதக் கணக்கில் உங்கள் ஒருவருக்கு மட்டும் என்றால் கேப்டனிடம் முறை வைக்கச் சொல்லிக் கேட்கலாம், அதில் தப்பில்லை.

கூட்டும்போது காற்று வரும் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். மாற்றிக் கூட்டினால் மணல் திரும்ப வந்து விழும். மார்கழியில் அதிகாலைப் பனியில் தரை ஈரமாக இருந்தால் கூட்டியும் பயன் இல்லை, வெயில் ஏறும்வரை ஷூட்டிங் மட்டும் போடுங்கள்.

எங்க ஊர் கிரவுண்டுல கண்ணை மூடிட்டு அடிப்பேன். வெளியூர்ல இண்டோர் கோர்ட்டுல ஒண்ணுமே விழ மாட்டேங்குது. ஏன்?

முதலில் உங்கள் ஊர் ரிங்கை டேப் வைத்து அளந்து பாருங்கள். தரையிலிருந்து 3.05 மீட்டர் இருக்க வேண்டும். உப்புக் காற்றில் போல்ட் துருப்பிடித்து ரிங் முன்பக்கம் தொங்கிப்போயிருப்பது இங்கே சாதாரணம். அடுத்து மூன்று பாயிண்ட் கோடு. இப்போதைய தூரம் 6.75 மீட்டர். 2010-க்கு முன்பு 6.25. ரிங்குக்குக் கீழே உள்ள பெயின்ட் பகுதி செவ்வகமாக இல்லாமல் அடியில் அகன்று சரிவாக இருந்தால், உங்கள் மைதானத்தில் இருப்பது பழைய கோடு. அரை மீட்டர் கிட்டே நின்று பழகிய கை, புது இடத்தில் ரிங்கின் முன்விளிம்பில்தான் அடிக்கும்.

காற்று இன்னொரு காரணம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திறந்தவெளியில் ஆடுபவர்கள் தங்களை அறியாமலே பந்தைத் தாழ்வாக, வேகமாக எறியப் பழகிவிடுகிறார்கள். இண்டோரில் அந்தத் தட்டையான ஷாட் ரிங்கில் பட்டுத் தெறிக்கும். மூன்று வாரம், தினமும் 100 ஷாட், ரிங்குக்கு இரண்டு மீட்டர் பக்கத்தில் தொடங்கி, மணிக்கட்டு மடங்கி, பந்து உயரே போய் இறங்கும்படி போடுங்கள். இரண்டு மீட்டரில் பத்துக்கு எட்டு விழுந்தால்தான் ஓர் அடி பின்னே போக வேண்டும். புது அணியில் முதல் மாதம் ஷூட்டிங் சதவீதம் விழும் என்று எதிர்பார்த்தே போங்கள்.

ஸ்கூல்ல நான்தான் சென்டர், 5 அடி 10. இங்க கார்டா ஆடச் சொல்றாங்க. கோச்சுக்கு என்னைப் பிடிக்கலையோ?

பிடித்ததால்தான் சொல்கிறார். குறுவட்டப் போட்டியில் 178 செ.மீ. பையன் உயரமானவன். மண்டல, மாநில அளவில் சென்டர்கள், அதாவது ரிங்குக்குக் கீழே ஆடுபவர்கள், அவனைவிட ஒரு தலை உயரம் இருப்பார்கள். அங்கே ரிங்குக்குக் கீழே நின்றால் ஷாட்டும் போட முடியாது, ரீபவுண்டும் எடுக்க முடியாது. இந்த உயரத்துக்கு எதிர்காலம் இருக்கும் இடம் வெளிவட்டம்தான்.

ஆனால் மாற்றம் வலிக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. இதுவரை ரிங்குக்கு முதுகைக் காட்டி ஆடினீர்கள். இனி முகத்தைக் காட்டி ஆட வேண்டும். முதலில் இடது கை: தினமும் 15 நிமிடம், இடது கையில் மட்டும், நடந்து, பிறகு ஓடி, பிறகு பார்வையைப் பந்திலிருந்து எடுத்து எதிரே நிற்பவர் காட்டும் விரலை எண்ணிச் சொல்லியபடி டிரிபிள். இரண்டாவது, 8 நொடிக்குள் பந்தை நடுக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோவது. ஒருவர் நெருக்க, நீங்கள் கொண்டுபோகப் பழக வேண்டும். மூன்றாவது, வேகமான சின்ன ஆளைப் பக்கவாட்டு நடையில் காப்பது. கால்கள் குறுக்கே போகக் கூடாது.

நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும். முதல் இரண்டு மாதம் பந்து தொலையும், சின்னப் பையன்கள் உங்களைத் தாண்டி ஓடுவார்கள். அதற்குள் "நான் சென்டராவே ஆடுறேன் சார்" என்று திரும்பிப் போய்விடாதீர்கள். பழைய திறமை வீணாகவும் போகாது. எதிரணி கார்டு குள்ளமாக இருக்கும் ஆட்டங்களில் கோச் உங்களை உள்ளே நிறுத்தி ஆடவைப்பார்.

காக்காமார் எனக்குப் பாஸே தர மாட்டேங்கிறாங்க. அவங்களுக்குள்ளேயே போட்டுக்கிறாங்க.

கீழக்கரைப் பக்கத்திலிருந்து வந்த கேள்வி, அங்கே காக்கா என்றால் அண்ணன்; மற்ற ஊர்களில் அண்ணன்களைப் பற்றி இதே புகார். ஐந்து வருடம் சேர்ந்து ஆடியவர்களுக்குப் பார்க்காமலே தெரியும், அடுத்தவர் எங்கே நிற்பார் என்று. உங்களைப் பற்றி அது தெரியாது. பந்து வேண்டுமென்றால் கை இரண்டையும் நெஞ்சுக்கு நேரே காட்டி, ஆளை விட்டு இரண்டு எட்டு விலகி வெளியே வந்து கேளுங்கள். நின்ற இடத்திலிருந்து கத்தினால் யாரும் தர மாட்டார்கள்.

பந்தை எடுத்துத் தருபவருக்கும், ஸ்கிரீன் வைத்து வழி விடுபவருக்கும் பந்து தானாகத் திரும்பி வரும். சீனியருக்கு நல்ல ஸ்கிரீன் வைத்து அவர் இரண்டு முறை ஷாட் அடித்தால், மூன்றாவது முறை அவர் கண் உங்களைத் தேடும். ஆறு வாரத்துக்குப் பிறகும், காலியாக நிற்கும்போதுகூடப் பந்து வரவில்லை என்றால் கேப்டனிடம் தனியாகச் சொல்லுங்கள், எல்லார் முன்னாலும் வேண்டாம்.

கோச் ஒண்ணு சொல்றார், சீனியர் அண்ணன் கோர்ட்டுக்குள்ள வேற சொல்றார். யாரைக் கேக்க?

ஆட்டம் நடக்கும்போது கோச் சொன்னதை. ஆட்டம் முடிந்தபின் "கோச் சார், அண்ணன் இப்படிச் சொன்னாங்க, எது சரி?" என்று அண்ணனும் இருக்கும்போதே கேளுங்கள். பல நேரம் இருவரும் ஒன்றையே வேறு வார்த்தையில் சொல்லியிருப்பார்கள்.

அப்பாகூட போட்டுல கடலுக்குப் போறேன், வாரத்துல மூணு நாள் பிராக்டிஸ் வர முடியாது. சேத்துக்குவாங்களா?

ஊர் கிளப்பில் சேர்த்துக்கொள்வார்கள், முதல் நாளே சொல்லிவிட்டால். எந்தெந்த நாள் கடல், எந்தெந்த நாள் கரை என்று கோச்சிடம் சொல்லுங்கள். சொல்லாமல் வராதவரைத்தான் பட்டியலிலிருந்து எடுப்பார்கள். பாதிப் பயிற்சிக்கு வருபவருக்கு, மேலே சொன்ன மூன்று மாதக் கணக்கு ஆறு மாதமாகும். அதை ஏற்றுக்கொண்டு சேருங்கள்.

உங்களுக்கு ஏற்ற காலம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில்தான் நிற்கும். அந்த இரண்டு மாதம் ஒரு நாளும் விடாமல் வந்து அணியின் மூவ் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டால், அப்புறம் வாரம் மூன்று நாள் வந்தாலும் தொடர்பு அறாது. வலை இழுத்துத் திரும்பிய அன்று மாலையே கடும் பயிற்சி வேண்டாம், தோளும் முதுகும் தாங்காது. அன்று ஃப்ரீ த்ரோ மட்டும்.

நோன்பு நேரத்துல பிராக்டிஸ் போனா விழுந்துருவேன், போகலன்னா இடம் போயிடும். என்ன செய்யலாம்?

நோன்பு தொடங்க இரண்டு வாரம் முன்பே கோச்சிடம் பேசுங்கள். நோன்பு திறப்பதற்கு முன் முக்கால் மணி நேரம் ஓட்டமில்லாத ஷூட்டிங், மூவ் நடைப்பயிற்சி. ஓட்டமும் முழு ஆட்டமும் தராவீஹ் என்னும் இரவுத் தொழுகைக்குப் பின். இந்தக் கரையில் பல அணிகளில் நோன்பு வைக்கும் ஆட்டக்காரர்கள் பாதிக்கு மேல் இருப்பதால் இது புதிய ஏற்பாடு அல்ல. அந்த மாதம் வேகம் குறையும், பெருநாளுக்குப் பின் பத்து நாளில் திரும்பிவிடும்.

என் மக காலேஜ் டீம்ல சேரணும்ங்கறா. பொம்பளப் புள்ளைக்கு இதே கணக்குத்தானா?

விதிகள் ஒன்றுதான்: அதே ரிங் உயரம், அதே கோர்ட். பந்து மட்டும் 6-ஆம் அளவு, ஆண்கள் ஆடும் 7-ஐவிடச் சின்னது. தம்பியோடு 7-ஆம் பந்தில் பழகிய பெண்ணுக்கு முதல் வாரம் ஷாட் நீளமாகப் போகும், பிறகு சரியாகும்.

நேரக் கணக்கில்தான் வித்தியாசம். பெண்கள் அணியில் எட்டே பேர் இருப்பதும் உண்டு. 200 நிமிடத்தை எட்டால் வகுத்தால் ஆளுக்கு 25. புதிதாகச் சேர்ந்தவருக்கும் முதல் ஆட்டத்திலேயே நிறைய நேரம் கிடைக்கலாம், அதற்குத் தகுந்த மூச்சு வேண்டும். சேரும் முன் நீங்கள் கேட்க வேண்டியவை: பயிற்சி எத்தனை மணிக்கு முடியும், கடைசி பஸ் கிடைக்குமா, வெளியூர்ப் போட்டிக்குக் கூட வரும் ஆசிரியை யார், எங்கே தங்க வைப்பார்கள். தயங்காமல் கேளுங்கள், நல்ல அணி உடனே பதில் சொல்லும்.

பையனை உட்கார வச்சே இருக்காங்க. நானே போய் கோச் கிட்ட பேசட்டுமா?

ஆட்ட நேரத்தைப் பற்றி என்றால் வேண்டாம், பிள்ளையே பேசட்டும். ஆட்டம் முடிந்த சூட்டில் அல்ல, அடுத்த பயிற்சிக்குப் பத்து நிமிடம் முன்னால். "ஏன் என்னை இறக்கல?" என்று கேட்டால் சண்டையாகும். "சார், இன்னும் அஞ்சு நிமிஷம் கிடைக்க நான் எதைச் சரி பண்ணணும்?" என்று கேட்டால் பதில் வரும். அந்தப் பதிலை நோட்டில் எழுதி, ஒரு மாதம் கழித்து அதையே திரும்பக் கேட்கச் சொல்லுங்கள்.

காயத்தை மறைத்து ஆடவைப்பது, கை நீட்டுவது, படிப்பைக் கெடுக்கும் பயணம் ஆகியவை என்றால் நீங்கள் போயே ஆக வேண்டும்.

மெயின் பிளேயருக்குக் கணுக்கால் பிசகிடுச்சு. நாளைக்கு நான்தான் ஸ்டார்ட் பண்ணணும். பயமா இருக்கு.

அவர் ஆடியதைப் போல ஆட முயலாதீர்கள். இன்று இரவே அணி அதிகம் ஆடும் மூன்று மூவ்களில் உங்கள் இடத்தைத் தாளில் வரைந்து பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் எளிய பாஸ் மட்டும், ஃபவுல் இல்லாமல். முதல் கால் பகுதியிலேயே இரண்டு ஃபவுல் வாங்கினால் பெஞ்சுக்குத்தான் திரும்ப வேண்டும், ஐந்தில் வெளியேற்றம்.

இன்னொன்றையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். அவர் குணமாகி வந்ததும் பழைய இடத்துக்கே வருவார், நீங்கள் நன்றாக ஆடியிருந்தாலும். ஆனால் உங்கள் நான்கு நிமிடம் பன்னிரண்டாகியிருக்கும்.

ஆறு மாசம் ஆச்சு, இன்னும் இடம் இல்ல. வேற டீமுக்குப் போயிடலாமா?

நோட்டை எடுங்கள். முதல் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் பந்து தொலைத்த எண்ணிக்கை குறைந்திருக்கிறதா, ஆட்ட நேரம் கொஞ்சமாவது ஏறியிருக்கிறதா? ஏறியிருந்தால் சீசன் முடியும்வரை இருங்கள். எண்ணிக்கை எல்லாம் மேம்பட்டு, கோச்சிடம் இரண்டு முறை கேட்டும் தெளிவான பதில் வராமல், உங்கள் இடத்தில் இன்னும் இரண்டு வருடம் ஆடப்போகிறவர் இருந்தால், போவது நியாயம். பயிற்சியிலேயே பந்து தராத, கற்றுத்தராத அணியில் அவ்வளவு காலம்கூட இருக்க வேண்டியதில்லை.

போகும் அணியில் மேலே உள்ள முதல் கேள்வியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். போட்டிக்குப் பெயர்ப்பட்டியல் கொடுத்தபின் விலகினால் பழைய அணிக்கு ஆள் குறையும், புது அணியிலும் அந்தப் போட்டியில் ஆட முடியாமல் போகலாம். அதனால் பட்டியல் போவதற்கு முன்பே கோச்சை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டு, ஜெர்சியைத் துவைத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.